லத்தீன் படிக்க வந்த மூன்று பிள்ளைகளும் 'கற்றல் பாணி' வியாபாரமும்

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

நம்ம ஏரல் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் பிள்ளை கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா, உடம்பை அசைத்துக் கற்பவரா என்று ஒரு சின்னத் தேர்வு வைத்துச் சொல்லிவிடுவார்களாம். பிறகு அந்தப் பாணிக்குத் தகுந்தபடி தனிப்பயிற்சியாம். தேர்வுக்கு ஒரு கட்டணம், பயிற்சிக்கு ஒரு கட்டணம். யார் நடத்துகிறார்கள் என்று இங்கே எழுதப்போவதில்லை. இவர்கள் ஒருவர் மட்டும் இல்லை, பல ஊர்களில் பல பெயர்களில் இது நடக்கிறது. பெற்றோர் சிலர் என்னிடம் கருத்துக் கேட்டார்கள். பிள்ளையைத் தனித்தனியாகக் கவனித்துச் சொல்லிக்கொடுப்பது உத்தமமான காரியம். ஆனால் பிள்ளையின் நெற்றியில் 'இவன் இந்த வகை' என்று முத்திரை குத்துவது அந்தக் காரியத்துக்கு நேர் எதிரானது. இதுதான் என் கருத்து. எங்கிருந்து இதைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் 31 வருடம் தமிழாசிரியன். வாலிபத்தில் சில வருடங்கள் குருமடத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவன். குருத்துவம் எனக்கு நிலைக்கவில்லை, அங்கே படித்த லத்தீன் மட்டும் நிலைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் யாராவது வந்து கேட்டால் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது மூன்று பேர் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. ஆகவே என் பிழைப்பில் மண் விழுகிறதே என்ற வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"ஏரல்ல லத்தீனா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிக்கட்டும். நம் தாமிரபரணி கடலில் சேர்கிற புன்னைக்காயலில்தான் 16ஆம் நூற்றாண்டில் அன்றீக்கே அடிகளார் என்ற போர்த்துக்கீசியர் உட்கார்ந்து தமிழ் படித்தார். ஒரு ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய முதல் இலக்கணம் அவருடையது. லத்தீன் வேற்றுமைகளைச் சட்டகமாக வைத்துக்கொண்டு நம் வேற்றுமைகளை அதற்குள் பொருத்திப் பார்த்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடையதுதான். அடுத்து சாயர்புரம். இங்கிருந்து பஸ் ஏறினால் அதிக நேரம் ஆகாது. ஜி.யு. போப் 1839இல் இந்தியாவுக்கு வந்து, சாயர்புரத்தில் ஒரு செமினரி நடத்தி, நம் பக்கத்துப் பனங்காட்டுப் பையன்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தார். பிரம்பு விஷயத்தில் மனுஷன் ரொம்பக் கண்டிப்பு என்று பெயர் எடுத்தவர். அதை நான் சிபாரிசு செய்யவில்லை. பிற்பாடு 1886இல் குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் இதே போப்தான்.

இவர்களுக்கு நடுவில் வீரமாமுனிவர். இத்தாலிக்காரர், இயற்பெயர் பெஸ்கி. அவர் செய்த ஒரு காரியம் இந்தப் பதிவுக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. தமிழ் படிக்க வந்த ஐரோப்பியப் பாதிரிமாருக்கு அவர் லத்தீனில் ஒரே இலக்கணம் எழுதிக் கொடுக்கவில்லை, இரண்டு எழுதினார். ஊர் ஜனங்களோடு பேசிப் பழக வேண்டியவர்களுக்குப் பேச்சுத் தமிழின் இலக்கணம். அவர் அதைக் கொடுந்தமிழ் என்றார். 1738இல் தரங்கம்பாடியில் அது அச்சானது. (தரங்கம்பாடி அச்சகம் லுத்தரன் சபையாருடையது, இவர் சேசு சபைக்காரர். இரண்டு தரப்புக்கும் ஆகவே ஆகாது. ஆனாலும் புத்தகம் நன்றாக இருந்ததால் அச்சடித்தார்கள்.) செய்யுள் படிக்க விரும்புகிறவர்களுக்குத் தனியாகச் செந்தமிழ் இலக்கணம். மாணவர்களை அவரும் பிரித்தார். ஆனால் எதை வைத்துப் பிரித்தார்? இவனுக்கு இந்த மொழி எதற்கு வேண்டும், இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான் என்பதை வைத்து. கண்ணா காதா என்று கேட்கவில்லை.

இந்தக் கண், காது, உடம்பு விவகாரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் நீல் ஃபிளெமிங் என்பவர் 1992 வாக்கில் 'வார்க்' என்று ஒரு கேள்வித்தாள் கொண்டுவந்தார். பார்ப்பது, கேட்பது, வாசித்து எழுதுவது, செய்வது என்று நான்கு வகை. அது ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். 2004இல் இங்கிலாந்தில் காஃபீல்டு என்பவரும் உடன் சிலரும் எண்ணிப் பார்த்தபோது இப்படி 71 விதமான வகைப்பாடுகள் சந்தையில் இருந்தன. 71 வைத்தியர்களும் ஒரே நோயாளிக்கு 71 வியாதி சொன்னால் நாம் என்ன செய்வோம்?

2008இல் பாஷ்லர், மெக்டேனியல், ரோரர், பியோர்க் என்ற நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சரியாகக் கேட்டார்கள். கண்வழிப் பிள்ளைகள் என்று சொல்லப்படுகிறவர்களில் பாதிப் பேருக்குப் படம் காட்டியும் பாதிப் பேருக்குச் சொல்லியும் கற்றுக்கொடு. காதுவழிப் பிள்ளைகளுக்கும் அப்படியே பாதிக்குப் பாதி செய். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை வை. கண்ணுக்குக் கண்வழியும் காதுக்குக் காதுவழியும் நல்ல மார்க் கொடுத்தால் இந்தக் கொள்கை நிஜம். இப்படி முறையாகச் செய்த ஆய்வுகளைத் தேடினார்கள். கிடைத்தவை மிகச் சில. அவற்றிலும் பல இந்தக் கொள்கைக்கு எதிராகவே இருந்தன. பிள்ளைகளுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. எனக்குக்கூட வாசிப்பதைவிட வானொலி பிடிக்கும். ஆனால் பிடித்த வழியில் சொன்னால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

இனி என் திண்ணைக்கு வருகிறேன்.

முதல் ஆள் ஒரு கடற்கரை ஊர்ப் பையன். பிளஸ் டூ முடித்துவிட்டு குருமடம் போக இருக்கிறான். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 249ஆம் விதி என்ன சொல்கிறது தெரியுமா? குருமாணவர்களுக்குத் தாய்மொழியைக் கவனமாகக் கற்பிக்க வேண்டும், லத்தீனும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. தாய்மொழி முதலில், லத்தீன் அதற்கு அடுத்து. இந்த வரிசையை நம் ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. அது கிடக்கட்டும். இந்தப் பையனுக்குக் காது அபாரம். பாட்டியிடம் கேட்டே 'தாந்தும் எர்கோ' முழுக்கப் பாடுவான், ஒரு எழுத்துப் பிசகாது. அர்த்தம் கேட்டால் விழிப்பான். விளம்பரக்காரர்கள் கையில் சிக்கியிருந்தால் 'காது வகை' என்று எழுதி, இன்னும் நாலு ஆடியோ கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அவனுக்குத் தேவைப்பட்டது அதற்கு நேர் மாறானது. காகிதமும் பென்சிலும். ஒவ்வொரு சொல்லையும் அடியும் விகுதியுமாக வெட்டி எழுதச் சொன்னேன். 'தோமினுஸ்' ஆண்டவர், 'தோமினே' ஆண்டவரே. முருகன் முருகா ஆகிற மாதிரி. எழுதிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, "அப்போ இது எட்டாம் வேற்றுமையா சார்?" என்றான். ஆமாம்லே, விளி வேற்றுமை. பத்து வருடமாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டுக்குள் ஒரு இலக்கணம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

இரண்டாவது ஒரு மகள், சித்த மருத்துவம் முதல் வருடம். தாவரப் பெயர்களை டெலிபோன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நாலு கலர் பேனா வைத்து அழகாகக் குறிப்பு எழுதுவாள், கண் வகை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "சார், ஒரு இடத்துல அஸ்ங்கிறான், ஒரு இடத்துல அம்ங்கிறான், ஒரு இடத்துல ஆங்கிறான். எதுக்கு?" நல்ல கேள்வி. அதற்கு விடை லத்தீனின் பால் பாகுபாட்டில் இருக்கிறது. தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு என்று 'நல்ல' மாறாது. லத்தீனில் பெயரின் பாலுக்குத் தகுந்தபடி அடைமொழியும் மாறும்: பொனுஸ், பொன, பொனும். ஆகவே கீழாநெல்லி 'ஃபில்லாந்தஸ் அமாரஸ்'. அமாரஸ் என்றால் கசப்பு, ஆண்பால். ஆவாரை 'சென்னா ஆரிகுலேட்டா'. சின்னக் காது உடையது, பெண்பால். துளசிக்குப் பழைய பெயர் 'ஒசிமம் சாங்க்டம்'. புனிதமானது, பொதுப்பால். மூன்றும் அவள் வீட்டைச் சுற்றியே இருக்கின்றன. பறித்துக்கொண்டு வந்து வரிசையாக வைத்துப் படித்தோம். அடுத்து அரசமரம்: 'ஃபைகஸ் ரிலிஜியோசா'. அஸ் என்று முடிந்தும் ஏன் ஆ? லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். இந்த விதிவிலக்கைப் பிடித்துவிட்டால் பாதி தூரம் தாண்டியாயிற்று.

நம்ம பனைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறான் பாருங்கள்: 'பொராசஸ் ஃபிளாபெல்லிஃபெர்'. ஃபிளாபெல்லும் என்றால் விசிறி, ஃபெர் என்றால் தாங்குவது. விசிறி தாங்கி! அந்த மகள் பனையேறிக் குடும்பத்துப் பிள்ளை. அன்றைக்கு அவள் முகத்தில் வந்த சிரிப்பை எந்தத் தேர்வுத்தாளும் அளக்காது.

கலர் பேனாக்காரிக்குக் காதும் வேண்டியிருந்தது. லத்தீனில் குறில் நெடில் மாறினால் பொருள் மாறும். 'மலும்' என்றால் தீமை, 'மாலும்' என்றால் ஆப்பிள். கண்ணால் பார்த்தால் ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், புத்தகத்தில் மேலே ஒரு கோடு போட்டால்தான் உண்டு. சத்தம் போட்டு வாசித்தால்தான் மண்டையில் ஏறும். ஆகவே அவளை வாய்விட்டு வாசிக்க வைத்தேன், பாடுகிற பையனை எழுத வைத்தேன். முறையைத் தீர்மானிப்பது பிள்ளையின் 'வகை' இல்லை, அன்றைக்கு எடுத்த பாடமும் அதில் பிள்ளை தடுக்கி விழுகிற இடமும்தான்.

மூன்றாவது ஆளால்தான் இந்தப் பதிவே வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன். ஹாரி பாட்டர் படம் பார்த்துவிட்டு மந்திரமெல்லாம் லத்தீன் என்று யாரோ சொல்ல, படிக்க வந்தவன். வந்த முதல் நாளே, "நான் கைனஸ்தெடிக் சார். உக்காந்து வாசிக்க எனக்கு வராது" என்றான். பதினான்கு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்கிற முதல் வாக்கியம் இது. ஒரு பயிற்சி நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த சான்று. அவன் அப்பாவும் சொன்னார்: "அண்ணாச்சி, எழுத்து வேலை கொடுத்துராதீங்க. ஏதாவது செஞ்சு காட்டிச் சொல்லிக் கொடுங்க. அவன் அந்த டைப்பு."

இரண்டு வாரம் சும்மா கவனித்தேன். அவனுக்கு வாசிக்க வராமல் இல்லை. தினத்தந்தியில் கிரிக்கெட் பக்கத்தை ஒரு மூச்சில் வாசிக்கிறான். அஞ்சாவது வரை தமிழ் வழி, பிறகு ஆங்கில வழிக்கு மாற்றியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டியே வாசிக்கிறான். அந்த வெட்கத்தில் புத்தகத்தைக் கண்டாலே எழுந்து ஓடத் தோன்றுகிறது. நெளிவதற்குக் காரணம் அதுதான். தேர்வுத்தாள் அவன் நெளிந்ததைப் பார்த்தது, ஏன் நெளிகிறான் என்று கேட்கவில்லை. ஆங்கில வாசிப்பில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு, வாசிப்பே வேண்டாம் என்று மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலில் முள் குத்தி நொண்டுகிறவனை நடக்காத வகை என்று சொல்லிக் கட்டிலில் படுக்க வைத்த கதை. இன்னும் மூன்று வருடத்தில் பிளஸ் டூ. அப்போது எந்தக் கேள்வித்தாள் இவனுக்காக எழுந்து நின்று ஆடிக் காட்டும்?

அவனுக்கு லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'புவெல்ல ரொஸம் அமத்.' புவெல்ல சிறுமி, ரொஸம் ரோஜாவை, அமத் விரும்புகிறாள். மூன்று அட்டையில் எழுதி, வரிசையை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன். எப்படி வைத்தாலும் அர்த்தம் மாறவில்லை. "தமிழ் மாதிரியே இருக்கு சார்!" ஆமாம். ரோஜாவைச் சிறுமி விரும்புகிறாள் என்றாலும் சிறுமிதானே விரும்புகிறாள்? ஆங்கிலத்தில் இப்படி மாற்றினால் ரோஜா சிறுமியை விரும்பிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், எனக்கு ருசியான இடம். ஆங்கிலத்தில் எழுதின லத்தீன் புத்தகங்கள் முதல் பத்துப் பக்கத்தை வேற்றுமை என்றால் என்ன என்று விளக்கியே தீர்க்கின்றன. ஏனென்றால் ஆங்கிலப் பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட அற்றுப்போன சங்கதி. நம் பிள்ளைக்கோ ஐ, ஆல், கு, இன், அது, கண் வாயிலேயே இருக்கிறது. லத்தீனில் ஆறு வேற்றுமை, நமக்கு எட்டு. நம் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது செய்கிற வேலைகளை அங்கே ஒரே வேற்றுமை இழுத்துப்போட்டுச் செய்கிறது. அமோ, அமாஸ், அமத் என்றால் விரும்புகிறேன், விரும்புகிறாய், விரும்புகிறான் அல்லது விரும்புகிறாள். நான், நீ என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், விகுதியே சொல்லிவிடும். கேள்வி கேட்க நாம் கடைசியில் ஆ சேர்க்கிறோம், அவர்கள் 'நெ' சேர்க்கிறார்கள்: அமத்நெ? விரும்புகிறாளா? நம் உம் போல அவர்களுக்கு 'க்வெ' சொல்லோடு ஒட்டி வரும். 'எனக்குப் புத்தகம் இருக்கிறது' என்று நான்காம் வேற்றுமை போட்டு நாம் சொல்வது போலவே அவர்களும் சொல்வார்கள். ரொஸ என்றால் ரோஜா, ரொஸா என்று நீட்டினால் ரோஜாவால். ரோமன் எழுத்துக்குக் கோடு தேவைப்படுகிற இடத்தில் தமிழ் எழுத்து தானாகவே காட்டிவிடுகிறது. எ, ஏ, ஒ, ஓ வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவர் வீரமாமுனிவர் என்று சொல்வார்கள். நம் பிள்ளைகள் லத்தீன் படிக்க அவர் விட்டுப்போன உபகாரம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

தமிழுக்கும் லத்தீனுக்கும் ரத்த உறவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், தயவுசெய்து. அமைப்பில் சில ஒற்றுமை, அவ்வளவுதான். வேறுபாடும் நிறைய இருக்கிறது. 'மேன்ஸ' பெண்பால் என்றதும் ஹாரி பாட்டர்க்காரன், "மேசை எப்படி சார் பொம்பளை?" என்று கேட்டான். உயர்திணை, அஃறிணை பார்த்து வளர்ந்த பிள்ளை கேட்கத்தான் செய்யும். நம் மேசையே அந்த மேன்ஸதான், போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்று சொன்னேன். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் அதே வழி. மேஸ்திரிகூட. மூலச்சொல் 'மகிஸ்தெர்', அதாவது ஆசிரியர். வீட்டுக்குப் போய்க் கொத்து வேலை செய்கிற மாமாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் மறுநாள் வழியில் பார்த்து, "வாத்தியாரே, நானும் வாத்தியார்தானாமே" என்றார்.

அந்தப் பையன் இப்போது நாற்பது நிமிடம் உட்காருகிறான். நெளிவு போகவில்லை. பாடத்தில் இன்னும் இரண்டாம் வகைப் பெயர்ச்சொல்லைத் தாண்டவில்லை. ஆனால் கைனஸ்தெடிக் என்ற வார்த்தையை நிறுத்திவிட்டான்.

ஒரு நண்பர் கேட்டார், படமும் பாட்டும் செயலும் வேண்டாம் என்கிறீர்களா என்று. எல்லாம் வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். அட்டையை மூன்று பேருமே வைத்து விளையாடினார்கள். செடியை மூன்று பேருமே முகர்ந்து பார்த்தார்கள். ஒருவனுக்கு ஒன்றை மட்டும் கொடுத்து மற்றதைப் பூட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். இன்னொன்று: கண் பார்வைக் குறை, காது மந்தம், டிஸ்லெக்சியா இவையெல்லாம் பாணி அல்ல. பிள்ளை வாசிக்கச் சிரமப்பட்டால் முதலில் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தேவைப்பட்டால் முறையான நிபுணரிடம் காட்டுங்கள். போனில் இருபது கேள்விக்குப் பதில் சொல்லி அறிவதல்ல அது.

ஆளுக்கேற்ற பாடம் நமக்குப் புதுசும் இல்லை. திண்ணைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் அவனவன் ஏட்டில் அவனவன் இடத்தில் இருப்பான், முன்னே போனவன் சட்டாம்பிள்ளையாகிப் பின்னால் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூர் அனாதை விடுதிக்குப் பொறுப்பேற்றபின், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அமைத்தார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. இன்று நம் அரசுப் பள்ளியில் 2022 முதல் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு, வேலைப்பளு பற்றி ஆசிரியர்கள் புலம்புவதும் நியாயம். ஆனால் அந்தப் பிரிவு பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும் என்பதை வைத்து வருகிறது. அரும்பு மொட்டாகலாம், மொட்டு மலராகலாம். 'கண் வகை' எப்போது காது வகையாகும்?

தனிப்பயிற்சி உதவுமா என்றால், உதவும். 1984இல் பெஞ்சமின் புளூம், ஒரு ஆசிரியரிடம் தனியாகப் படித்த சராசரிப் பிள்ளை, வழக்கமான வகுப்பில் 98 சதவீதம் பேரைத் தாண்டியதாக எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை, ஆனாலும் பலன் உண்டு. எதனால் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்: தப்பு வந்த அந்த நொடியிலேயே பக்கத்தில் ஒருவர் இருந்து, ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்கிறார். அதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்க வேண்டும். டியூஷன் எடுப்பவரிடம் கேளுங்கள்: போன வாரம் என் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கினான், அதற்கு என்ன செய்தீர்கள்? பதில் வந்தால் கட்டணம் கட்டுங்கள். வகையின் பெயர் மட்டும் வந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலேயே, நம் வேற்றுமை வழியாகவே லத்தீன் சொல்லிக்கொடுக்கும் எளிய பாடநூல் ஒன்று வேண்டும். சித்த மருத்துவம், தாவரவியல், சட்டம் படிப்பவர்களுக்கும் குருமாணவர்களுக்கும் உதவும். வீரமாமுனிவர் செய்ததைத் திருப்பிப் போட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். என்னிடம் ஐந்து நோட்டுப் புத்தகம் இருக்கிறது, கையெழுத்து சுமார். நல்லவேளையாக மாடியில் இருந்ததால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தப்பித்தது. தட்டச்சு செய்யவும் சரிபார்க்கவும் ஆர்வம் உள்ளவர்கள், முக்கியமாக லத்தீன் தெரிந்த பங்குச் சாமிமார் யாராவது இதைப் படித்தால், உள்பெட்டியில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன்.